நுண்ணோக்கியின் கதை – 6: தெள்ளுப்பூச்சியை வரைந்த கை

சென்ற வாரம் ரோமில் இருந்தோம். ஸ்டெல்லூட்டியும் செசியும் 1625இல் மூன்று தேனீக்களைப் பெரிதாக வரைந்து போப்பாண்டவருக்குக் காணிக்கை ஆக்கியதையும், 1630இல் செசி இறந்ததும் அவர் கட்டிக் காத்த லின்சேய் கழகம் கலைந்துபோனதையும் பார்த்தோம். அதற்குப் பிறகு நுண்ணோக்கியை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிசிலியில் ஓடியெர்னா என்ற பாதிரியார் ஈயின் கண்ணை ஆராய்ந்து 1644இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கொருவர் அங்கொருவராகப் பலரும் பார்த்தார்கள். பார்த்ததைப் பார்க்காதவருக்குக் காட்டும் வழிதான் சரியாகக் கைவரவில்லை.

1664 ஆகஸ்டில், ஆங்கிலக் கடற்படை நிர்வாகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், ரீவ் என்ற கருவிக்காரரிடம் 5 பவுன் 10 ஷில்லிங் கொடுத்து ஒரு நுண்ணோக்கி வாங்கினார். அன்றைக்கு அது பெரும் பணம். மறுநாள் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பார்க்க முயன்றபோது, எதையாவது பார்க்கும் விதம் பிடிபடுவதற்கே மிகவும் பாடுபட வேண்டியிருந்தது என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். துணைக்கு ஹென்றி பவரின் நூலும் அவரிடம் இருந்தது. பவர் ஹாலிஃபாக்ஸ் ஊர் மருத்துவர். நுண்ணோக்கியில் கண்டவற்றை ஆங்கிலத்தில் முதன்முதலாக நூலாக்கியவர். அவர் கூர்மையான பார்வையாளர், சொல்வளம் மிக்கவர். ஆனால் அந்த நூலில், சின்னஞ்சிறு கோட்டுருவங்கள் சிலவற்றைத் தவிர, படமே இல்லை. கருவியும் கையில், விளக்க நூலும் கையில்; இருந்தும் வீட்டில் இருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடுமாறுகிறார்கள். 1664இல் நுண்ணோக்கியின் நிலைமை இதுதான்.

ஐந்து மாதம் கழித்து, 1665 ஜனவரியில், அதே பீப்ஸ் புத்தகக் கடையில் ஒரு பெரிய நூலைக் காண்கிறார். 20ஆம் தேதி அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். மறுநாள் இரவு 2 மணி வரை படுக்கப் போகாமல் அதையே புரட்டிக்கொண்டிருக்கிறார். தாம் படித்தவற்றுள் இதற்கு ஈடான அறிவுக்கூர்மை உள்ள நூல் வேறில்லை என்று குறித்து வைக்கிறார். அந்த நூல் 'மைக்ரோகிராஃபியா'. எழுதியவர் ராபர்ட் ஹூக், வயது இருபத்தொன்பது. விலை 30 ஷில்லிங். மார்ட்டின், அலஸ்ட்ரி என்ற இருவர் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்காக அச்சிட்டது. 60 ஆய்வுக் குறிப்புகள், 38 செப்புத்தகட்டுப் படங்கள். தெள்ளுப்பூச்சியின் படத்தை மடிப்புப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்; விரித்தால் ஒன்றரை அடி அகலம்.

பவரின் நூலை இன்று அறிவியல் வரலாறு படிப்பவர்கள்தான் தேடிப்போகிறார்கள். ஹூக்கின் தெள்ளு உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்கு வில்லை காரணமில்லை என்பது என் முடிவு. இருவரும் பார்த்த கண்ணாடிகள் ஏறத்தாழ ஒரே தரத்தவை. ஹூக்குக்குக் கூடுதலாக இருந்தது கை.

அந்தக் கையின் கதை இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் தொடங்குகிறது. ஹூக் 1635 ஜூலையில் அங்கே பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தில் துணைப் பாதிரியார். நோஞ்சான் பிள்ளை, பள்ளிக்கு ஒழுங்காக அனுப்ப முடியவில்லை. ஒரு சமயம் ஜான் ஹாஸ்கின்ஸ் என்ற ஓவியர் அந்த ஊருக்கு வந்து வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைவதைப் பார்த்த சிறுவன், கரியும் சுண்ணக்கட்டியும் காவிக்கல்லும் தேடிப் பொறுக்கிக் குழைத்துத் தானே வண்ணம் செய்துகொண்டு, வீட்டில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்து வரையத் தொடங்கினான். 1648இல் தந்தை இறந்ததும் பதின்மூன்று வயதுப் பையனை லண்டனுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் அரசவை ஓவியராகப் பேர்பெற்ற பீட்டர் லீலியின் பட்டறைக்குத்தான் முதலில் போனான். அங்கே நிலைக்கவில்லை. எண்ணெய் வண்ணத்தின் நெடி தலைவலியைக் கொடுத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நானே செய்துகொள்வேனே, இதற்குப் பணம் எதற்கு என்று நினைத்து வெளியேறினான் என்று நண்பர் ஆப்ரி எழுதியிருக்கிறார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, அங்கே ராபர்ட் பாயிலின் காற்றிறைப்புக் கருவியைச் செய்து கொடுத்த உதவியாளர் வேலை என்று வாழ்க்கை வேறு திசையில் போனது. கரித்துண்டு பிடித்த விரல்கள் மட்டும் பழகியதை மறக்கவில்லை.

1662 நவம்பரில் ராயல் சொசைட்டி அவரைச் சோதனைகளின் பொறுப்பாளராக அமர்த்தியது. கூட்டத்துக்குக் கூட்டம் உறுப்பினர் கண்முன் புதிதாக எதையாவது செய்து காட்ட வேண்டும். நுண்ணோக்கி வேலை அவர் தானாகத் தேடிக்கொண்டதல்ல. கிறிஸ்டோபர் ரென், பின்னாளில் செயின்ட் பால் பேராலயத்தை எழுப்பிய அதே ரென், சில பூச்சிகளைப் பெரிதாக வரைந்து இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் கொடுத்திருந்தார். மன்னருக்கு ஆசை பெருகிவிட்டது. இன்னும் வேண்டும் என்றார். ரென்னுக்கு நேரமில்லை. வேலை ஹூக்கின் தலையில் விழுந்தது. 1663 வசந்தத்தில் சொசைட்டி அவருக்கு உத்தரவே போட்டுவிட்டது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறைந்தது ஒரு நுண்ணோக்கிக் காட்சியாவது கொண்டுவர வேண்டும். ஏப்ரல் 8இல் சுவரில் வளரும் பாசியைக் கொண்டுபோனார். அடுத்த வாரம் தக்கை. இப்படி வாரம் ஒன்றாகச் சேர்ந்த படங்கள்தான் நூலாயின.

அவர் பயன்படுத்திய கருவியின் குழாய் ஆறேழு அங்குல நீளம். உள்ளுக்குள் உள்ளாகச் செருகிய நான்கு இழுப்புகளைக் கொண்டு நீட்டிக்கொள்ளலாம். பொருளுக்கு அருகில் ஒரு சிறு வில்லை, கண்ணுக்கு அருகில் ஒரு பெரிய வில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடியில் குமிழும் கீறலும் இருக்கும். விளிம்பில் வானவில் நிறங்கள் படரும். உருவம் தெளிவாக வேண்டுமென்றால் வில்லையின் முன்துளையைச் சிறிதாக்க வேண்டும், சிறிதாக்கினால் இருட்டிவிடும். ஆகவே ஹூக்கின் போராட்டத்தில் பாதி வெளிச்சத்தோடுதான். தெற்குப் பார்த்த ஒரே சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குச் சில அடி தள்ளி மேசை போட்டார். வெயில் கடுமையாக இருந்தால் எண்ணெய்த் தாளை இடையில் வைத்து ஒளியைச் சாந்தப்படுத்தினார். இரவில் எண்ணெய் விளக்கின் முன்னால் உப்புநீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை நிறுத்தி, அதன் வழியே குவிந்த ஒளியை இன்னொரு வில்லையால் பொருளின்மேல் பாய்ச்சினார். எத்தனை மடங்கு பெரிதாகிறது என்று அறியவும் எளிய வழி ஒன்று வைத்திருந்தார். ஒரு கண்ணால் நுண்ணோக்கிக்குள்ளும் மறு கண்ணால் பக்கத்திலுள்ள அளவுகோலையும் ஒரே நேரத்தில் பார்த்து, இரண்டு காட்சிகளையும் ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து அளந்தார். இதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் கண் பொய் சொன்னது. இந்த நூலின் முன்னுரையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் இடம் இது. ஈயின் கண்ணை ஒரு வெளிச்சத்தில் பார்த்தால் துளைகள் நிறைந்த பின்னல் தட்டி மாதிரி இருக்கிறது. வெயிலில் வைத்தால் பொன் ஆணிகள் அடித்த பரப்பு. கொஞ்சம் திருப்பினால் கூர்நுனிக் கோபுரங்கள். இன்னொரு பக்கம் திருப்பினால் கூம்புகள். நான்கும் அதே ஈயின் அதே கண். மேடா பள்ளமா என்பதைக்கூட ஒரு பார்வையால் தீர்மானிக்க முடியாது. நிழலை மேடு என்றும், ஒளித்தெறிப்பை வெள்ளை நிறம் என்றும் நினைத்து ஏமாறலாம். பலவிதமான வெளிச்சத்தில், பலவிதமாகத் திருப்பி வைத்துப் பார்த்து, உண்மையான உருவம் இன்னதுதான் என்று மனத்தில் உறுதிப்பட்ட பிறகே வரையத் தொடங்குவேன் என்று ஹூக் சொல்கிறார். கண்ணால் கண்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊரில் சொல்வதை இவர் பென்சிலும் தாளுமாக நடத்திக் காட்டினார்.

ஆகவே மைக்ரோகிராஃபியாவில் உள்ள எந்தப் படமும், யாரும் எந்த ஒரு கணத்திலும் கண்ட காட்சி அல்ல. குழாய்க்குள் கண்ணை வைத்தால் தெரிவது ஒரு சிறு வட்டம். அதில் தெள்ளின் ஒரு காலோ, தலையின் ஒரு பகுதியோதான் கூர்மையாகத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல். நகர்த்தி, மறுபடியும் குவியம் பிடித்து, இன்னொரு துண்டைப் பார்த்து, முன்பு பார்த்ததோடு பொருத்தி, முழு உடலையும் தாளில்தான் அவர் கட்டினார். முழுத் தெள்ளு முதன்முதலாகக் காணக் கிடைத்த இடம் அந்தத் தாள்தான். வரைவதை ஆராய்ச்சி முடிந்த பிறகு செய்யும் அலங்கார வேலையாக நினைப்பவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். வரைந்த நேரத்தில்தான் ஆராய்ச்சியே நடந்தது.

ஈயின் கண்ணை அவர் எப்படித் தீர்த்தார் தெரியுமா? ஒவ்வொரு புடைப்பிலும் தம் சன்னலைக் கண்டார். சன்னலுக்கு வெளியே நின்ற பெரிய மரத்தின் அடியும் உச்சியும் அந்தப் புடைப்புகளில் ஒவ்வொன்றிலும் தெரிந்தன. சன்னலுக்கும் ஈக்கும் நடுவே கையை நீட்டினால் விரல்கள் தெரிந்தன. அப்படியானால் அவை துளைகளும் அல்ல, கூம்புகளும் அல்ல, பளபளப்பான அரைக்கோளங்கள். இரண்டு கண்ணிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 14,000 என்று கணக்கிட்டார்.

எறும்பு அவரை மிகவும் படுத்தியது. உயிரோடு வைத்து வரையலாம் என்று மெழுகிலோ பசையிலோ காலை ஒட்டினால் உடலை முறுக்கிக்கொண்டே இருக்கும். கொன்றால் சுருங்கிப்போகும். கடைசியில் அதைச் சாராயத்தில் முக்கினார். வாயிலிருந்து குமிழிகள் வந்தன, அசைவு நின்றது. வெளியே எடுத்து, காலும் உடலும் வேண்டியபடி கிடத்தி வரைந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் செத்ததுபோல் கிடந்த எறும்பு, திடீரென்று எழுந்து ஓடிவிட்டது. பேனை இரண்டு மூன்று நாள் பெட்டியில் பட்டினி போட்டுப் பிறகு தம் கையிலேயே விட்டார். அது கடித்து இரத்தம் உறிஞ்சுவதையும், இரத்தம் அதன் உடலுக்குள் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேன் ஒரு தலைமுடியைப் பற்றிக்கொண்டிருப்பதாக மடிப்புத் தாளில் வரைந்திருக்கிறார். முடியின் பருமனைக் கண்டவுடன் பேனின் அளவு நமக்கு விளங்கிவிடுகிறது. அளவைச் சொல்ல இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தோன்றவில்லை.

பள்ளியில் நாம் எல்லோரும் படித்தது தக்கைப் பாடம். பேனாக்கத்தியைச் சவரக்கத்தி போல் தீட்டி, தக்கையில் மிக மெல்லிய சீவல் எடுத்தார். வெள்ளையான சீவல் என்பதால் கறுப்புத் தட்டில் வைத்தார். ஒரு பக்கம் தட்டையான வில்லையால் ஒளியைக் குவித்தார். உள்ளே வரிசை வரிசையாகச் சிறு அறைகள். ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் அறுபது அறைகளை எண்ணினார். ஆக, அங்குலத்துக்கு 1,080. சதுர அங்குலத்தில் 11,66,400. கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேல். நேரில் பார்த்திராவிட்டால் நம்ப முடியாது என்று அவருக்கே தோன்றியது. தக்கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, ஏன் மிதக்கிறது, அமுக்கினால் ஏன் மீண்டும் எழும்புகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த அறைகளில் அடைபட்ட காற்றே விடை என்றார். அவர் சூட்டிய 'செல்' என்ற பெயர் நிலைத்தது. ஆனால் அவர் கண்டது உயிரற்ற சுவர்களைத்தான். பச்சைச் செடிகளில் அந்த அறைகள் சாறு நிரம்பியிருப்பதையும் கண்டார். சாறு ஓடும் குழாய்கள் என்று கருதி, அறைக்கும் அறைக்கும் இடையே வழி இருக்கிறதா என்று தேடினார், கிடைக்கவில்லை. படத்தில் தக்கையைக் குறுக்கேயும் நெடுக்கேயும் வெட்டிய இரு துண்டுகளாகக் காட்டுகிறார். குறுக்கு வெட்டைப் பார்த்தால் அறைகள் தெரியும். அவை ஒரு திசையில் நீண்டவை என்பது இரண்டையும் பார்த்தால்தான் தெரியும். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு தொட்டாற்சுருங்கிக் கிளை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நூலின் முதல் படங்கள் மனிதன் செய்த பொருள்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஊசிமுனை, சவரக்கத்தியின் விளிம்பு, தாளில் அச்சான ஒரு முற்றுப்புள்ளி. ஊசிமுனை மொட்டையாகவும் கரடுமுரடாகவும் நிற்கிறது. முற்றுப்புள்ளி ஒழுங்கற்ற அழுக்குத் திட்டு. நாம் கூர்மை என்றும் துல்லியம் என்றும் நம்பியவற்றை முதலில் உடைத்துவிட்டு, பிறகே தெள்ளின் கால்நகத்தையும் அதன் உடலில் அடுக்கடுக்காகப் பொருந்திய பளபளப்பான கவசத்தகடுகளையும் காட்டுகிறார். இந்த வரிசையை யோசித்துத்தான் அமைத்திருக்கிறார். படிப்பவரின் கண்ணை ஒரு நல்ல ஆசிரியர் போலப் பழக்குகிறார்.

ஹூக் தாளில் வரைந்ததைச் செதுக்குவோர் செப்புத்தகட்டில் வெட்டினார்கள். அங்கே கரித்துண்டின் மங்கல் நிழலுக்கு இடமில்லை. நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கியும், ஒளி வேண்டிய இடத்தில் விலக்கியும், குறுக்கே மறுகோடு இழுத்தும்தான் உருவத்தைத் திரட்ட முடியும். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தம் படங்களையும் சொற்களையும் செதுக்குவோர் ஓரளவு நன்றாகவே பின்பற்றினார்கள் என்று ஹூக் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். அந்தத் தெள்ளின் வயிற்றுத் தகடுகளின் மினுமினுப்பைப் பார்த்தால், அந்தக் கைவினைஞர்களுக்கு இன்னும் நாலு வார்த்தை கூடவே சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

ராயல் சொசைட்டிக்கு ஒரு தயக்கம் இருந்தது. நூலில் ஹூக் ஒளியைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் தம் ஊகங்களையும் நிறைய எழுதியிருந்தார். 1664 நவம்பரில் அச்சிட அனுமதி தந்தபோதே, அந்த ஊகங்கள் சொசைட்டியின் கருத்துகள் அல்ல என்று அவரே எழுதிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அவரும் எழுதினார். படங்களைப் பற்றி அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. சொற்கள் ஊகமாக இருக்கலாம். படம் பார்த்ததுதானே என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களுக்குள்ளும் எத்தனை தீர்ப்புகள் அடங்கியிருந்தன என்பதை முன்னுரையை ஊன்றிப் படித்தவர்கள் மட்டுமே அறிந்திருக்க முடியும்.

நூல் வெளியான அதே 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியது. அந்த ஆண்டு அந்த நோயால் இறந்தவர்களாக அரசுப் பதிவில் ஏறியவர்கள் மட்டும் 68,596 பேர். ஹூக் நண்பர்களோடு நகரை விட்டு எப்சம் பக்கம் போய்த் தங்கினார். பெரிதாக்கப்பட்ட தெள்ளு வாசகர்களின் மேசையில் விரிந்து கிடந்த மாதங்களில், அந்த இனத்துப் பூச்சியின் கடி மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியாது. நோய்க் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டது 1894இல். எலித்தெள்ளின் வழியே அது பரவுகிறது என்பதை சிமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898இல். ஹூக்கின் குழாயில் அந்தக் கிருமி தெரிந்திருக்க வழியில்லை. அதற்கு வேறு வகைக் கண்ணாடி வேண்டும்.

அந்தக் கண்ணாடியைச் செய்யும் முறையையும் ஹூக் தம் முன்னுரையிலேயே எழுதி வைத்திருந்தார். கண்ணாடியை மெல்லிய நூலாக இழுத்து, நுனியைச் சுடரில் உருக்கினால் சிறு மணியாகத் திரளும். அதை ஒரு துளையில் பதித்துக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தால் இரட்டை வில்லைக் கருவியைவிடத் தெளிவாகவும் பெரிதாகவும் தெரியும். ஆனால் அது கண்ணை வருத்துகிறது, கையாளுவது சிரமம் என்று அவர் கைவிட்டுவிட்டார். வரைகிறவருக்கு அது நியாயமான முடிவுதான். ஒரு கண் கருவியிலும் மறு கண் தாளிலுமாக மணிக்கணக்கில் இருப்பவர், கடுகளவு மணிக்குள் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு எப்படி வரைவார்?

ஹூக்கின் படங்கள் அவருக்குப் பிறகும் ஓயவில்லை. செப்புத்தகடுகள் பத்திரமாக இருந்து, 1745இல் புது விளக்கங்களோடு மறுபடி அச்சாயின. தெள்ளும் பேனும் டிடரோவின் கலைக்களஞ்சியப் படத் தொகுதியில் நகலாக ஏறின. நூறாண்டு கழித்தும் தெள்ளை வரைய வேண்டியவர்கள் தெள்ளைப் பிடிக்கவில்லை. ஹூக்கைப் பிரதி எடுத்தார்கள். இத்தனை உருவங்களைத் தந்தவரின் முகம் எப்படி இருந்தது என்று காட்ட, ஐயத்துக்கு இடமில்லாத ஓர் உருவப்படம்கூட இன்று நம்மிடம் இல்லை.

கண்ணாடி மணியைக் கைவிடாத ஒருவர் ஹாலந்தில், டெல்ஃப்ட் நகரில் இருந்தார். அந்தோனி வான் லேவன்ஹூக், துணி வியாபாரி. டச்சு மொழி தவிர வேறு தெரியாது. 1673இல் ராயல் சொசைட்டிக்கு அவர் அனுப்பிய முதல் கடிதத்தின் பொருள்கள் பூஞ்சணம், தேனீ, பேன். மூன்றும் மைக்ரோகிராஃபியாவில் உள்ளவை. 1674இல் தக்கை முதலியவற்றின் சீவல்களைத் தாளில் பொதிந்து அனுப்பினார். 1981இல் பிரையன் ஃபோர்டு சொசைட்டியின் ஆவணங்களுக்கிடையே அந்தப் பொட்டலங்களைக் கண்டெடுத்தார், சீவல்கள் அப்படியே இருந்தன. 1676 அக்டோபரில் வந்த கடிதம் எல்லோரையும் திகைக்க வைத்தது: மிளகு ஊறிய நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூட்டம் கூட்டமாக நீந்துகின்றன. சரிபார்க்கும் பொறுப்பு ஹூக்குக்கு வந்தது. 1677 நவம்பர் 15 அன்று அவர் அவற்றை உறுப்பினர்களுக்குக் காட்டினார்; கண்டதாகப் பதிவான பெயர்களில் ரென்னின் பெயரும் உண்டு.

லேவன்ஹூக்குக்கு வரைய வராது. அதை அவரே எழுதியிருக்கிறார். ஆகவே ஓவியர்களைக் கூலிக்கு அமர்த்தி, தம் கருவியை அவர்கள் கண்ணருகே பிடிக்கச் சொல்லி வரைய வைத்தார். ஹூக்கிடம் கண்ணும் கையும் ஒருவருடையவை. டெல்ஃப்டில் கண் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. அந்த ஓவியர்கள் வரைந்தது தாங்கள் கண்டதையா, எசமானர் காணச் சொன்னதையா? அடுத்த வாரம் டெல்ஃப்டுக்குப் போவோம்.

(தொடரும்)